வலப்பக்கச் சட்டைப்பை

முதலில் உறுத்தியது தட்டுவடை செட்.
சூரமங்கலத்தில் பிறந்து வளர்ந்தேன் என்றவனிடம்
உனக்கு செட் பிடிக்குமா, நொறுக்கலா என்று கேட்டேன்.
சாம்பார் நிறைய ஊற்றினால் எதுவும் பிடிக்கும் என்றான்.

சிரித்தேன்.
கப்பலில் பத்து வருடம், நாக்கு மறந்திருக்கும் என்று
அவனுக்காக நானே ஒரு காரணம் எழுதிக் கொடுத்தேன்.
அவன் பொய் சொல்ல வாயெடுக்கும் முன்பே
நம்புவதற்கான ஏற்பாடுகளை
நான் முடித்து வைத்திருப்பேன்.

நவம்பரில் கேட்டான்:
ஏற்காடு முழுக்கக் காபிப்பூ வாசமாக இருக்குமே இப்போது?
நவம்பரில் இங்கே பழம் சிவக்கிறது.
பூ வேண்டுமென்றால்
கோடை மழை ஒன்று விழ வேண்டும்.
அதற்கும் ஒரு காரணம் எழுதினேன்.

வீடியோவில் வா என்றால் நடுக்கடல், சிக்னல் இல்லை.
அவசரமாய்ப் பன்னிரண்டாயிரம் அனுப்பு என்பதற்கு மட்டும்
சிக்னல் இருந்தது.
அனுப்பவில்லை.
பெருமைப்பட ஒன்றுமில்லை,
சீட்டுப் பணம் கட்டியது போக
கணக்கில் எண்ணூற்றுச் சொச்சம்தான் மிச்சம்.

படகுத்துறைக் கவுன்டரில், கம்பிக்குப் பின்னால்,
நாளெல்லாம் எத்தனை பேர், எத்தனை பேர் என்று
கேட்டுக்கொண்டே இருக்கிறவளிடம்
முப்பத்தொன்பது வயதில் யாரோ
திருப்பி ஒன்று கேட்கிறார்கள்:
சாப்டியா ஜெசி?

மே இரண்டாவது ஞாயிறு.
வரிசை டீக்கடையைத் தாண்டி நின்றது.
சன்னலுக்குள் குனிந்தது அவன் முகம்.
ஏழு மாதமாய் ராத்திரிகளில்
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்த முகம்.
'ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை' என்றது.
குரல் நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் கீச்சு.

தழும்பு இருந்தது, வலது புருவத்தில்.
என் போனில் அது இடது.
சட்டைப்பை இடப்பக்கம்,
எல்லா ஆண்களுக்கும் இருப்பது போல.
என் போனில், பதினொரு படங்களிலும்,
பை வலப்பக்கம்.
தேடினால் அகப்படாதிருக்க
கண்ணாடி போலத் திருப்பிப் போட்டிருக்கிறான்.
பட்டன் மூடும் பக்கம்கூட மாறியிருந்தது.
தையல் தெரிந்த என் தங்கை
ஒரே பார்வையில் சொல்லியிருப்பாள்.
அவளிடம் நான் காட்டவில்லை.
யாரிடமும் காட்டவில்லை.

'அந்தத் தழும்பு எப்படி சார்?'
வாயிலிருந்து வந்துவிட்டது.
அவர் புருவத்தைத் தொட்டுக்கொண்டார்.
'கேரம் போர்டுங்க. அண்ணன் தூக்கி அடிச்சான்.
ஏன் கேக்கறீங்க?'

எனக்குச் சொல்லப்பட்டதோ
பதின்மூன்றாவது கொண்டை ஊசி வளைவு,
அடைமழை, புல்லட்,
ஒரு நாய்க்குட்டியைக் காப்பாற்றியது.

அவர் மனைவி என்னை ஒருமாதிரி பார்த்தார்.
பின்னால் யாரோ, 'சீக்கிரம்மா, வெயில் ஏறுது.'
டிக்கெட்டின் முதுகில் கிறுக்கினேன்:
உங்கள் படங்கள் நிரஞ்சன் என்ற பெயரில் உலாவுகின்றன.
வாயால் சொன்னது,
சின்ன சைஸ் லைஃப் ஜாக்கெட்
அந்தக் கடைசி ஆணியில் இருக்கும் என்பது மட்டும்.
படித்தாரோ என்னவோ.
மடித்து பையில் வைத்தார்.
இடப்பக்கம்.

இரவு ஒன்பதே காலுக்கு வந்தது:
சாப்டியா ஜெசி?

எழுதினேன்:
இன்று உன்னைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறாய்.
உனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.
தண்ணீர் என்றால் பயம் போலிருக்கிறது,
படகு கரைக்கு வரும்வரை
உன் கழுத்தை அவள் விடவே இல்லை.

எழுதிக்கொண்டிருக்கிறான் என்று
மூன்று புள்ளிகள் துள்ளின.
நின்றன.
மறுபடி துள்ளின.
அந்த ஒரு நிமிடம், முதல்முறையாக,
அந்தப் பக்கம் நிஜமாகவே ஒருவன் இருந்தான்,
என்ன சொல்வதென்று தெரியாமல்.

பிறகு முகம் போய்
சாம்பல் நிற வட்டம் வந்தது.

புகார் செய்யக் காரணம் கேட்டது போன்.
'வேறொருவராக நடிக்கிறார்' என்பதை அழுத்தினேன்.
வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்றது.
சட்டைப்பை என்று எழுதி, அழித்தேன்.

சோறு ஆறியிருந்தது.
ரசத்தைச் சுடவைத்து
சாப்பிட்டேன்.